மூன்று டேக்

காசில்லாமல் படம் எடுப்பது எப்படி என்று போனில் பாடம் நடத்துகிற ஆள் என் கையில் சிக்கினால் நாலு கேள்வி கேட்பேன். சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறான். விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பரை ஒட்டு, வெளிச்சம் மெத்தென்று விழும் என்கிறான். தெர்மாகோல் அட்டையைப் பிடி, முகத்தின் இருட்டுப் பக்கமும் தெரியும் என்கிறான். அதெல்லாம் சரி. பதினோராவது பாடத்தில் சொல்கிறான்: கேமராவை உருட்டிக்கொண்டு போகிற டிராலி எடுக்க வசதி இல்லையா, கவலையை விடு, ஒரு சக்கர நாற்காலி கிடைத்தால் போதும். போனைப் பிடிக்கிறவன் அதில் உட்காரட்டும், இன்னொருத்தன் பின்னால் இழுக்கட்டும், சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் படம் குலுங்கவே குலுங்காது. கிடைத்தால் என்கிறான். அதில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் கட்டடத்தில் சக்கர நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது காலரக்காவுடையது.

நீள நடை, இரண்டு பக்கமும் எட்டெட்டு அறைகள், நடை முடிகிற இடத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறையும் கக்கூசும். தரைத்தளத்தில் மூன்றாவது அறை அவர்களுடையது, நான்காவது எங்களுடையது. நடுவில் மெல்லிய சுவர். அங்கே யாராவது இருமினால் என் வீட்டுக்காரி இங்கே இருந்து வெந்நீர் குடிக்கச் சொல்வாள். காலரக்கா, அவளுடைய அம்மா, தம்பி என்று மூன்றே பேர். அம்மாவுக்கு ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. விடியுமுன்னே இருட்டோடு போய்க் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வருவாள். தம்பி வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். அவனைக் கட்டடத்தில் டைரக்டர் என்போம். கிண்டலுக்கு வைத்த பேர். அவன் ஒருத்தன்தான் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டான்.

காலரக்கா என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் பிள்ளைகள் வைத்த பேர் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. முன்பு துணிக் கிடங்கில் வேலை பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த பொதி ஒன்று சரிந்து முதுகில் விழுந்தது. ஒன்பது வருஷமாகக் கால் இரண்டும் பேச்சுக் கேட்பதில்லை. கை மட்டும் யார் பேச்சையும் கேட்காத வேகம். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளுக்கு ஈடு இந்தத் தெருவில் கிடையாது. உள்ளே வைக்கிற விறைப்பான கேன்வாஸ் துணி சுருங்காமல், இரண்டு முனையும் ஒரே கூராக, ஒரே நீளமாக வரவேண்டும். திருப்பும்போது ஊசியால் குத்தி முனையை வெளியே எடுப்பார்கள் சிலர், துணி பிய்ந்துவிடும். இவள் தைக்கும்போதே மூலையில் ஒரு நூலை வைத்துவிட்டு, திருப்பியதும் அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாள். முனை தானாக வந்து நிற்கும். பக்கத்துத் தையல்கடைக்காரர் தன் கடையின் காலரையெல்லாம் இவளிடம்தான் கொடுத்தனுப்புவார், வாடிக்கையாளரிடம் தானே தைத்தது என்பார்.

மோட்டார் வைத்த மெஷின் அவளுடையது. ஆனால் மோட்டாரைக் காலால் மிதிக்க வேண்டும். முதலில் அந்த மிதியை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் துணியைத் தள்ளினாள். அதைப் பார்த்துச் சகிக்காமல் நான் ஒரு வேலை செய்தேன். நான் வயரிங் வேலை பார்க்கிறவன், என்னை வயரண்ணன் என்பார்கள். அந்த மிதியைப் பிரித்து, உள்ளே இருக்கிறதை எடுத்து, நாற்காலியின் வலது கைப்பிடிக்கு அடியில் பொருத்தினேன். முழங்கையை லேசாக அமுக்கினால் மெஷின் மெதுவாக ஓடும், அழுத்தினால் வேகமாக ஓடும். இரண்டு கையும் துணிக்கு வந்தது. நாற்காலியும் மெஷினும் ஒன்றாகிவிட்டது என்று அன்றைக்குச் சிரித்தாள்.

பெரிய சாலையில் சட்டைக் கம்பெனி ஒன்று புதிதாக வந்தது. தரைத்தளத்திலேயே தையல் கூடம், வாசலில் படி கிடையாது. இவள் போய்க் கேட்டாள். மேனேஜர் காலரைப் புரட்டிப் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லோருக்கும் தேர்வு, ஒரு மணி நேரத்தில் எட்டு காலர், நீங்களும் வாங்க என்றார். அதோடு விடவில்லை. தினமும் யாராவது கொண்டுவந்து விட்டுக் கூட்டிக்கொண்டு போகிற கதையெல்லாம் இங்கே நடக்காது, தனியாக வந்து தனியாகப் போக முடிந்தால்தான் என்றார். இவள் முடியும் என்றாள். நான் அந்தக் கம்பெனி மெக்கானிக்கிடம் பேசி, என் சுவிட்சை அங்கே ஒரு மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் தினமும் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பழகினாள். எட்டு என்ன, ஒன்பது காலர் தைத்தாள். அங்கே ஒவ்வொருத்தருக்கும் பூட்டுப் போட்ட சின்ன அலமாரி உண்டாம், கதவில் நம்பர் எழுதியிருக்குமாம். "எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கும் அண்ணே" என்று என் வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு சொன்னாள். ஒன்பது வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதெல்லாம் நடந்தது.

டைரக்டர் எடுத்தது பன்னிரண்டு நிமிஷப் படம். ஒரு பெண் முதல்நாள் வேலைக்குக் கிளம்பிப் போகிற கதை. ஆமாம், அதேதான். அக்காவைப் பார்த்துத்தான் தோன்றியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். மொபைல் கடைக்காரன் கேமராமேன். இருப்பதில் நல்ல போன் டைரக்டருடையது, அதிலேயே படம். நடிக்கிற பெண் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒலிக்கு அவளுடைய போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார்கள். வெளிச்சத்துக்கு நான். மூன்று சாதாரண பல்பு, தகர டப்பாவை வெட்டிச் செய்த மூடி, பட்டர் பேப்பர், தெர்மாகோல். "படத்துல ஒளியமைப்புன்னு உங்க பேரு தனியா வரும்ணே" என்றான். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாக விளக்குப் போட்டிருக்கிறேன், ஒரு சுவரிலும் என் பேர் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன்.

நாற்காலியை ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கேட்டிருந்தான். காலரக்காவும் சரி என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியவே மழை பிடித்துக்கொண்டு இரவு வரை விடவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு என் கதவைத் தட்டினான். நடையில் நாற்காலி நின்றது.

"இன்னைக்குத்தானேடா அக்காவுக்கு டெஸ்ட்டு?" என்றேன்.

"பத்து மணிக்குண்ணே. எட்டுக்கெல்லாம் கொண்டாந்து வச்சிருவேன். காலை வெளிச்சம் ஒரு மணி நேரந்தான், காசு குடுத்தாலும் கிடைக்காது."

"அக்காகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேண்ணே."

அவன் சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்கு. நான் கேட்டது திங்கட்கிழமைக்கு. மூன்றாவது அறைக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டி, ஏம்மா சம்மதம்தானா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அதோடு முடிந்தது. நான் தெர்மாகோலை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

காய்கறிச் சந்தைக்குப் பின்புறத் தெருவில் அன்றைக்கு முதல் ஷாட். மழை விட்ட ஈரத்தில் தரை மின்னியது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பாடத்தில் சொன்னபடி போனைப் பிளைட் மோடில் போட்டார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஷாட் அறுந்துவிடுமாம். கால் வைக்கிற தகட்டைக் கழற்றினார்கள், மொபைல் கடைக்காரன் கால் மடக்கி உட்கார அது இடைஞ்சல். சக்கரத்தில் காற்றை இறக்கினார்கள். ஏழு மணிக்கு எனக்கு ஒரு வீட்டில் மீட்டர் வேலை இருந்தது. எட்டுக்குள் போய்விடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சரிண்ணே சரிண்ணே என்று தலையை ஆட்டினான்.

எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி நடையில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே காலரக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, தேய்த்த புடவை கட்டி, மடியில் பை. பையில் கத்தரி, அளவு நாடா, அவளுடைய நூல். காலையில் ஆறு மணிக்கு எழுந்து கையை நீட்டியிருக்கிறாள், கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற நாற்காலி இல்லை. தம்பி நடைக்குக் கொண்டுபோயிருப்பான் என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு போன். பதினேழு தடவை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மா வீட்டில் இல்லை. நடை முடிவில் இருக்கிற கக்கூசுக்குப் போக வேண்டும், போக வழியில்லை. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் சுவரைத் தட்டியிருக்கிறாள். என் வீட்டுக்காரி பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார்த்தி, தரையில் இழுத்துக்கொண்டே கூட்டிப் போயிருக்கிறாள். எட்டெட்டு அறையும் கதவைத் திறந்து பார்த்திருக்கிறது. இதை என் வீட்டுக்காரி சொல்லச் சொல்ல, காலரக்கா என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் போனீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னான்மா."

"சரி, கூட்டிட்டு வாங்க. நாற்காலியைச் சொன்னேன்."

ஆட்டோவில் தூக்கி வைத்துக் கூட்டிப் போகலாமே என்றாள் என் வீட்டுக்காரி. அவள் கேட்ட தொனியில் எனக்கும் சேர்த்து அடி இருந்தது. காலரக்கா தலையை ஆட்டினாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் இறக்கினால் அந்த மேனேஜர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார், அதற்குப் போகாமலே இருக்கலாம் என்றாள். அதுவும் இல்லாமல் சுவிட்ச் அந்த நாற்காலியில் இருக்கிறது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சந்தைத் தெருவில் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் ஏழரைக்கே போய்விட்டார்கள் என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், அதே பெண் அதே பதில். தெருத் தெருவாக விசாரித்து, கடைசியில் ஒரு லாரிக்காரர் காலிக் கிடங்கைக் கைகாட்டினார். சக்கர நாற்காலியில் ஒருத்தன் போனைப் பிடித்துக்கொண்டு போனான், பாவம் என்று நினைத்தேன், பார்த்தால் எழுந்து நின்று டீ குடிக்கிறான் என்றார். கிடங்கு வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. அங்கே இருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம். வீட்டில் இருந்து கம்பெனிக்கு இருபது நிமிஷம். தாராளமாகப் போயிருக்கலாம். இந்தக் கணக்கை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

நீளக் கிடங்கு, வழவழப்பான சிமெண்டுத் தரை. பாதித் தூரத்தில் நாற்காலி. மொபைல் கடைக்காரன் அதில் சம்மணம் போட்டுப் போனைப் பிடித்திருந்தான். வலது கைப்பிடியைக் காணோம், முழங்கைக்கு இடிக்கிறதென்று கழற்றிவிட்டார்கள். என் சுவிட்ச் ஒயரோடு தரையில் கிடந்தது. நர்ஸ் பெண் கையில் பையோடு கேமராவைப் பார்த்து நடக்கத் தயாராக நின்றாள். நான் வாயைத் திறந்தேன். டைரக்டர் உள்ளங்கையைக் காட்டினான். "ரோலிங்" என்றான் மொபைல் கடைக்காரன்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திருட்டுப் பொருளைப் பிடிக்கப் போனவன், திருடன் உஷ் என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பானா? நின்றேன். இரண்டு வாரம் அவர்களோடு பழகியதில் அந்த வார்த்தை கேட்டால் அசையக்கூடாது என்பது உடம்பில் ஏறியிருந்தது. அந்தப் பெண் நடந்து வந்தாள், நாற்காலி பின்னால் போனது, இரண்டு நிமிஷம். கட் என்றதும் கத்தினேன்.

"டேய், அக்கா கிளம்பி உக்காந்திருக்காடா. மணி என்ன தெரியுமா?"

"ஒன்பதே காலுண்ணே. பத்து மணிக்குத்தானே? ஒரே ஒரு டேக். இந்தப் பொண்ணு பத்து மணிக்கு டூட்டிக்குப் போயிரும், இனிமே லீவு கிடையாது. இந்த ஷாட்டு இல்லன்னா படமே இல்லண்ணே." பிறகு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். "நீங்க அந்த வாசல்ல சைக்கிளோட நிக்கிறது சூப்பரா இருக்குண்ணே. பின்னால வெளிச்சம், நீங்க நிழலா தெரியிறீங்க. அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

அவனை அறைந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் சைக்கிளைக் கொஞ்சம் நேராக நிறுத்தினேன். கைப்பையை ஹாண்டில்பாரில் ஒழுங்காக மாட்டினேன். வயிற்றைக்கூட எக்கிக்கொண்டேன்.

இரண்டாவது டேக்கில் சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் தேடினார்கள். மூன்றாவது டேக்கில் எல்லாம் அமைந்தது. நல்லாருக்கு என்று டைரக்டர் கையைத் தட்டினான். மணி ஒன்பது முப்பத்தைந்து. கைப்பிடியின் ஒரு திருகு காணாமல் போய் அதைத் தேட ஐந்து நிமிஷம். கால்தகடு சந்தைத் தெருவிலேயே கிடந்தது, அதை எடுக்க மொபைல் கடைக்காரன் ஓடினான். மிச்சக் காற்றும் போன சக்கரம் தரையோடு தேய்ந்து நகர மாட்டேன் என்றது. பம்ப் கொண்டுவரவில்லை, காற்றை இறக்கச் சொல்லிக்கொடுத்தவன் திரும்ப அடிப்பதற்குப் பாடம் எடுக்கவில்லை. தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வீட்டு வாசலில் வந்து இறக்கியபோது பத்து மணி பத்து நிமிஷம்.

அவளுடைய அம்மா வந்திருந்தாள், மகனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். காலரக்கா அம்மாவைத் தடுத்தாள். முதலில் காற்றடிங்க என்றாள். சைக்கிள் பம்பில் நான் அடித்தேன். அவளைத் தூக்கி உட்கார்த்தினோம். சுவிட்சை ஒரு தடவை முழங்கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏண்ணே இவ்ளோ நேரம்?" என்றாள் என்னிடம்.

"தேடிக் கண்டுபிடிக்கவே ஒன்பதே முக்கால் ஆயிடுச்சும்மா."

சொல்லிவிட்டேன். சுலபமாகத்தான் வந்தது. டைரக்டர் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து கால்தகட்டை மாட்டத் தொடங்கினான். அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நானும் வரேன் என்றேன். யாரும் வரவேண்டாம் என்றாள். தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடையில் இறங்கிப் போனாள். வேகமாகப் போனாள்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள். கம்பெனி வாசலில் காவலாளி விடவில்லையாம், உள்ளே மெஷினெல்லாம் ஓடுகிற சத்தம் கேட்டதாம். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று நகராமல் நின்றிருக்கிறாள். அவர் வெளியே வந்து வாட்சைப் பார்த்தாராம். தனியா வந்துட்டீங்க, நேரத்துக்கு வர முடியலையேம்மா என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம். ஆறு மாதம் கழித்து அடுத்த தேர்வு வைத்தால் பார்க்கலாம் என்று உள்ளே போய்விட்டார்.

"நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானேம்மா? உன் தப்பு இல்லையே" என்றாள் அவளுடைய அம்மா.

"என்னன்னு சொல்றது? நாற்காலியை வீட்ல வேற ஆளு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா? அதுக்குத்தான் அந்த ஆளு பயந்தாரு. நானே போய், ஆமாங்க, நான் வர்றதும் வராததும் மத்தவங்க கையிலதான் இருக்குன்னு எழுதிக் குடுக்கவா? லேட்டாயிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்."

தம்பி மூலையில் நின்றான். மன்னிச்சிரு அக்கா, எட்டு மணிக்குக் கண்டிப்பா வரணும்னுதான் நினைச்சேன் என்று என்னவோ முணுமுணுத்தான். அவள் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீ தூங்கிட்டிருக்கும்போது ஒருத்தன் வந்து உன் ரெண்டு காலையும் கழட்டி எடுத்துட்டுப் போறான். எட்டு மணிக்குக் கண்டிப்பா கொண்டாந்து மாட்டிருவேன், அதுவரைக்கும் படுத்திருங்கிறான். சரின்னு படுத்திருப்பியா?"

"தெரியாம பண்ணிட்டேன்க்கா."

"தெரியாம ஒண்ணும் பண்ணல. ராத்திரியே கேட்டிருக்கலாம். கேட்டா மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரியும். அதான் கேக்கல."

போனது போகட்டும், ஆறு மாசம் ஓடிப்போயிரும், கூடப்பிறந்தவனிடம் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய் என்றாள் அம்மா. அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேறு வழி தெரியவில்லை. என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாசத்தை இப்படி அள்ளிக் குடுக்க அது யாரு வீட்டு ஆறு மாசம் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்று முழுக்க அந்த அறையில் மெஷின் ஓடவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஓடியது. தையல்கடைக்காரரின் காலர்கள் வந்தன, போயின. ராத்திரி படுக்கும்போது நாற்காலிச் சக்கரத்தைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டாள். சாவி அவள் கழுத்தில். பூட்டுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். என்னிடம் பேச்சு மாறவில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டாள், டீ குடிச்சீங்களா என்றாள். தம்பி மேல்தான் கோபம், நான் தேடி அலைந்தவன். என் வீட்டுக்காரிகூட, நீங்க ஒருத்தராவது ஓடினீங்களே என்று ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மூன்றாவது அறை வாசல் வரை போனேன். சுவிட்ச் நல்லா வேலை செய்யுதாம்மா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைரக்டர் படத்தை முடித்துக் கொண்டுவந்தான். அக்காவிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவள் பேசாமல் இருந்த ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான். எங்களையும் கூப்பிட்டான். வராமல் இருக்க ஒரு காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து, அவள் நாற்காலியில், அம்மா கட்டிலில், நானும் என் வீட்டுக்காரியும் வாசற்படி ஓரமாக.

கறுப்புத் திரையில் முதல் எழுத்து வந்தது. இந்தப் படம் என் அக்காவுக்கு, நாற்காலி கொடுத்து உதவியதற்கு நன்றி என்று இருந்தது.

"நிறுத்து" என்றாள்.

நிறுத்தினான்.

"நான் எப்படா குடுத்தேன்? நீ எடுத்துட்டுப் போன. என் பேரை எடு."

"அக்கா, மரியாதைக்குத்தான்..."

"எடு. நன்றி சொல்றதுக்கு, குடுத்தவ ஒருத்தி இருக்கணும்."

எடுத்துடறேன்க்கா என்றான். கண் கலங்கிவிட்டது. அவள் இரங்கவில்லை. மேலே ஓடட்டும் என்றாள்.

ஒளியமைப்பு என்று போட்டு என் பேர் தனியாக வந்தது. என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். படம் ஓடியது. ஈரத்தெரு, காய்கறி வண்டி, அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு படி இறங்குவது. நான் போட்ட பல்பின் வெளிச்சம் சுவரில் அழகாக விழுந்திருந்தது. பிறகு கிடங்கு. அந்தப் பெண் நம்மைப் பார்த்து நடந்து வருகிறாள், படம் குலுங்காமல் பின்னால் போகிறது. தண்ணீரில் போகிற மாதிரிதான் போனது. அவளுக்குப் பின்னால் தூரத்தில் வெளிச்சமாக ஒரு வாசல், வாசலில் சைக்கிளோடு நிழலாக ஒரு ஆள்.

முகம் தெரியவில்லை. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் பின்னால கொண்டு போ" என்றாள் காலரக்கா.

கொண்டுபோனான். இரண்டாவது தடவை பார்த்தாள். சைக்கிள் ஹாண்டில்பாரில் என் கைப்பை தொங்கியது. கிழிந்த வாரை அவள்தான் போன வருஷம் தைத்துக் கொடுத்தாள், கறுப்புப் பையில் வெள்ளை வார். தன் தையலை அவளுக்குத் தெரியாதா?

"இது எப்ப எடுத்தது?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்க அப்பவே அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்மா."

"எவ்வளவு நேரம்?"

"மூணு டேக்கு" என்றேன். அவளுக்கு அது புரியாதோ என்று, "இருபத்தஞ்சு நிமிஷம்" என்றும் சொன்னேன். என் வீட்டுக்காரி என் பக்கத்தில் இருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டைரக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அக்கா, அண்ணன் சும்மாதான் நின்னாரு, நான்தான் நிக்கச் சொன்னேன். அந்த ஷாட்டைத் தூக்கிடறேன். இல்லன்னா அவரை மட்டும் அழிக்கலாம், அதுக்கு வழி இருக்கு, காசு கூட ஆகாது" என்று படபடவென்று பேசினான்.

"அழிக்காத" என்றாள். "என் பேரை மட்டும் எடு. அவரு இருக்கட்டும்."

என்னைத் திட்டவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பி மெஷினிடம் போய், பாதியில் விட்ட காலரை எடுத்தாள். மூலையில் நூலை வைத்தாள். வலது முழங்கை நான் பொருத்திய சுவிட்சில் அழுந்தியது, மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. நாங்கள் எழுந்து வந்தோம்.

படத்தை எங்கெங்கோ அனுப்பினான், நாலு பேர் நல்லாருக்கு என்றார்களாம். குறிப்பாக அந்தக் கிடங்கு ஷாட். வாசலில் நிற்கிற அந்த ஆள் யார், ஏன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான் என்று ஒருத்தர் கேட்டாராம். டைரக்டர் அதை என்னிடம் வந்து சொன்னான், சந்தோஷப்படுவேன் என்று நினைத்துக்கொண்டு. அவனை வாசலோடு அனுப்பிவிட்டேன். அடுத்த தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி பழகுகிறாள், மெஷின் நின்று நின்று ஓடுகிற சத்தத்தை வைத்து என்னால் எண்ண முடிகிறது. இப்போது மணிக்குப் பத்து காலர்.